கசிவுக்குக் கோட் கிடையாது

பொஸ்பெர்க் சுரங்கப் பாதைக்குள் நுழைந்து கொஞ்சத் தூரத்தில்தான் அந்த மஞ்சள் லைற் எரிந்தது. எஞ்சின் படம் போட்ட சின்ன லைற். கார் ஒரு தரம் விக்கியது, பிறகு இன்னொரு தரம். பின்னால் ஒரு லொறி எங்களை ஒட்டிக்கொண்டு வந்தது. என் கணவர் ஓட்டிக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில். மகள் பின்சீற்றில் காதுக்குள் பாட்டை மாட்டிக்கொண்டு நித்திரை.

"என்னப்பா இது?" என்றேன்.

"ஒண்டுமில்லை. பழைய கார் எண்டால் உப்பிடித்தான்."

சுரங்கத்துச் சுவர்களில் தப்பியோடும் பச்சை மனிதனைக் கீறி, வெளியேற எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மற்றவர்களுக்கு அது ஆறுதலாக இருக்கலாம். எனக்கு அந்த மனிதனைக் கண்டாலே, இங்கே ஓடவேண்டி வரும் என்றுதானே இவனை வைத்திருக்கிறார்கள் என்று தோன்றும். கார் விக்க விக்க நான் சீற்றைப் பிடித்துக்கொண்டு எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டேன். வெளியே வந்து வெளிச்சத்தைக் கண்டபோதுதான் போன உயிர் திரும்பி வந்தது. லைற் மட்டும் அணையவில்லை.

நாங்கள் அப்போது முல்ஹவுஸிலிருந்து சுவிஸில் எங்கள் வீடு இருக்கிற டீட்டிகோனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பிரான்சில் இருக்கிற அவருடைய அண்ணையின் மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள், சாமத்தியவீடு. இரண்டு இரவு அங்கே தங்கி, பலகாரப் பெட்டிகளும் வாழைப்பழமும் அரைவாசி மாலைகளுமாகக் காரை நிரப்பிக்கொண்டு வந்தோம். அந்தக் கார் என் மகளைவிட வயது கூடியது. நீல நிறம், பின்கதவில் ஒரு நசுங்கல், மற்றபடி குறை சொல்ல முடியாத சீவன். இத்தனை வருடமும் எங்களைக் கைவிட்டதில்லை.

நான் பயந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. மகள் அப்போதுதான் லைசன்ஸ் எடுத்திருந்தாள். இன்னும் இரண்டு மாதத்தில் ஆராவில் ஆஸ்பத்திரி வேலை, தாதிப் பயிற்சி. விடியற்காலை ஷிப்டுக்கு ரயில் சரிவராது என்று அந்தக் காரை அவளுக்கே கொடுப்பதாகத் தகப்பன் வாக்குக் கொடுத்துவிட்டார். டீட்டிகோனிலிருந்து ஆராவுக்குப் போக நெடுஞ்சாலையில் பாரெக் சுரங்கத்தைக் கடக்கவேண்டும். ஒவ்வொரு நாளும், தனியாக, என் பிள்ளை. அந்த மஞ்சள் லைற்றைப் பார்த்தபோது எனக்கு அது மட்டும்தான் மனதில் ஓடியது.

எரிந்த வாகனம் ஒன்றை நான் சின்ன வயதில் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. எனக்கு ஏன் இவ்வளவு பயம் என்று கேட்கிறவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன், அவ்வளவுதான்.

டீட்டிகோனைச் சுற்றி லிம்மாட் பள்ளத்தாக்கில் இருக்கிற எங்கள் தமிழ் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. விசேஷங்களுக்குப் பெரிய கிடாரம், அகப்பை, இடியப்ப உரல் எல்லாம் ஆளாளுக்கு வாங்குவதில்லை. ஒருவர் வீட்டிலிருந்து மற்றவர் வீட்டுக்கு அவை சுற்றிக்கொண்டே இருக்கும். எங்கே இருக்கிறது என்று கேட்டுப் போய் எடுத்துவரவேண்டியதுதான். அந்தக் கிடாரங்களோடு சேர்ந்து ஒரு ரீடரும் சுற்றுகிறது. கைக்கடக்கமான சின்னப் பெட்டி. ஸ்ரியரிங்குக்குக் கீழே இருக்கிற துளையில் அதைச் செருகினால் எஞ்சினுக்கு என்ன வருத்தம் என்று ஒரு கோட், குறியீட்டு இலக்கம், காட்டும். எங்கள் கைக்கு வந்தபோது அதன் மூலைகளில் மஞ்சள் தூள் படிந்திருந்தது.

ஆனால் எங்கள் ஆட்கள் அதை வைத்து வருத்தம் பார்ப்பதில்லை. அதில் அழிக்கிற பட்டன் ஒன்று இருக்கிறது. செருகுவார்கள், அழிப்பார்கள், லைற் அணைந்ததும் அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். என் கணவரும் செருகிய கையோடு அந்தப் பட்டனைத் தேடினார். நான் கையைப் பிடித்துவிட்டேன்.

"முதல்ல என்ன எண்டு வாசியுங்கோ. காய்ச்சல் பாக்கிற சாமானை உதறி வைச்சால் காய்ச்சல் போயிடுமோ?"

"உமக்கு எல்லாத்துக்கும் பயம்" என்றார். என்றாலும் கை நின்றது.

P0171 என்று காட்டியது. நான் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு மேலே போய்க் குசினி மேசையில் உட்கார்ந்து தேடினேன். ஜெர்மன், ஆங்கிலம், தமிழ், எது கிடைத்ததோ அதில் வாசித்தேன். கலவை மெலிந்துவிட்டது என்று அர்த்தமாம். எஞ்சினுக்குள் காற்றும் எரிபொருளும் ஒரு கணக்கில் சேரவேண்டும். புகைக்குழாயில் ஒரு உணர்கருவி இருந்துகொண்டு, எரிந்து முடிந்த புகையில் எவ்வளவு ஒட்சிசன் மிச்சம் என்று பார்க்கும். மிச்சம் கூடினால் எரிபொருள் காணாது என்று கணினிக்குச் சொல்லும். கணினி இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஊற்றக் கூட்டிக்கொண்டு போகும். கூட்டி எல்லை முட்டிவிட்டால் கையை விரித்துவிட்டு அந்த மஞ்சள் லைற்றைப் போடும். சோற்றுக்குத் தண்ணீர் காணாமல் அடிப்பிடிக்கிற கதைதான்.

தண்ணீர் ஏன் காணவில்லை என்பதுதான் கேள்வி. எங்கேயோ ஒரு குழாய் வெடித்துக் கணக்கில் வராத காற்று உள்ளே போகலாம். பெற்றோல் பம்ப் களைத்திருக்கலாம். பெற்றோலை வடிக்கிற ஃபில்டர் அடைத்திருக்கலாம். காற்றை அளக்கிற கருவி ஊத்தையாகியிருக்கலாம். ஒவ்வொன்றையும் வாசிக்க வாசிக்க எனக்கு ஒவ்வொன்றும் இருப்பதாகவே பட்டது. தலையிடிக்கு இணையத்தில் மருந்து தேடினால் வருகிற அதே நிலைமை.

நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். அங்கே ஒருவருக்குத் திடீரென்று ஏதும் ஆனால் தாதிமார் முதலில் கேட்பது, நேற்றிலிருந்து என்ன மாறியது என்றுதான். புது மருந்தா, புதுச் சாப்பாடா, விழுந்தாரா. அதையே நானும் கேட்டேன். முல்ஹவுஸ் போகும்போது கார் நன்றாகத்தான் போனது. வரும்போதுதான் விக்கியது. நடுவில் என்ன நடந்தது?

"அங்க காரை ஆரும் எடுத்தவையோ?"

"அண்ணை ஒருக்கா எடுத்தவர். பூ எடுக்கப் போனவர்."

"கேளுங்கோ."

"என்னத்தைக் கேக்கிறது? உங்களால கார் பழுதாப் போச்சு எண்டோ?"

என் கணவருக்கு அண்ணை என்றால் அப்படி ஒரு மரியாதை. அவருக்கு முன்னால் கால்மேல் கால் போட்டு உட்காரமாட்டார். நானே நம்பரை எடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிப் போட்டு மேசையில் வைத்தேன். சாப்பாடு, பலகாரம், வந்த சனம் என்று ஒரு சுற்றுக் கதைத்த பிறகு காரைப் பற்றிக் கேட்டேன்.

"ஓம் பிள்ளை, நான்தான் ஃபுல் டாங்க் அடிச்சு விட்டனான்" என்றார் அண்ணை சந்தோஷமாக. "வீட்டுக்கு வந்த ஆக்களை வெறும் டாங்கோட அனுப்பேலுமோ?"

"என்ன அடிச்சனீங்கள் அத்தான்?"

"எத்தனோல்தான். இஞ்ச நாங்கள் எல்லாரும் அதுதானே அடிக்கிறது. என்ர கார் பறக்குது."

"உங்கட காரில அதுக்கெண்டு ஏதும் பூட்டி இருக்கோ?"

"ஓம், ஒரு பெட்டி பூட்டினது. ஏன், உங்கட காரில இல்லையோ?"

என் கணவர் கண்ணால் என்னைக் கும்பிட்டார். நான் "சும்மா கேட்டனான் அத்தான்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த மனிதன் அன்பால்தான் ஊற்றியிருக்கிறார். பலகாரம் கட்டித் தந்த அதே கையால் டாங்க் நிறைய ஊற்றியிருக்கிறார். அவரோடு கோபிக்க எனக்கும் வழியில்லை. அதனால் கோபம் முழுக்க என் கணவர்மேல் திரும்பியது. அவருக்கு அது பழக்கம்.

எத்தனோல் அதிகம் கலந்த எரிபொருள் என்றால் அதே காற்றுக்கு இன்னும் கூடுதலாக ஊற்றவேண்டும். புதுக் கார்களுக்கும், பெட்டி பூட்டிய கார்களுக்கும் அது தெரியும். எங்கள் கிழவிக்குத் தெரியாது. பெற்றோல்தான் வருகிறது என்று நினைத்துப் பெற்றோல் கணக்கில் ஊற்றி, காணாமல், கூட்டிக் கூட்டி, கடைசியில் கையை விரித்திருக்கிறது. கோட் சொன்னது உண்மைதான். எந்தக் குழாயும் வெடிக்கவில்லை, எந்தப் பம்பும் களைக்கவில்லை. டாங்கில் இருந்ததுதான் வேறு.

இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு ஒரு பெருமை வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பயம் கொஞ்சம் விட்டது. டாங்கில் இருப்பதை முழுக்க இறக்கச் சொல்லுவோம் என்றேன்.

"அண்ணை அடிச்சுத் தந்ததைக் கீழ ஊத்திறதோ?" என்றார் அவர், ஏதோ பிரசாதத்தைக் குப்பையில் போடச் சொன்ன மாதிரி. "ஓட ஓடக் குறையும்தானே. குறையக் குறைய நல்ல பெற்றோலை விட்டால் சரி."

ஒற்றைக்காலில் நின்று அப்படியே செய்தார். கொஞ்சம் ஓடுவார், வழக்கமான பெற்றோலை நிரப்புவார். இன்னும் கொஞ்சம் ஓடுவார், நிரப்புவார். சில வாரத்தில் விக்கல் நின்றது. மஞ்சள் லைற் எரியவில்லை. ரீடரைச் செருகினார். பிழை எதுவும் இல்லை என்று பச்சையில் காட்டியது.

"பாத்தீரோ? பச்சை. இனிப் பிள்ளையிட்டக் குடுக்கலாம்."

நானும் சிரித்தேன். ஆனால் தேடித் தேடி வாசித்ததில் ஒரு வரி என் மண்டைக்குள் போய்க் குந்திவிட்டது. பழைய கார்களின் ரப்பர் குழாய்களும் வளையங்களும் எத்தனோலில் ஊறினால் வீங்குமாம். பிறகு வழக்கமான பெற்றோலுக்குத் திரும்பும்போது சுருங்குமாம். சுருங்கும்போதுதான் வெடித்துக் கசியுமாம். அதாவது கார் சுகமாகிவிட்டது என்று நாங்கள் சந்தோஷப்படுகிற நேரத்தில்தான் அது நடக்கும். இதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். இணையத்தில் எழுதுகிறவர்களுக்கு வேறு வேலை இல்லை என்றார்.

பிறகு ஒருநாள் பின்னேரம் வேலை முடிந்து வந்து, கட்டடத்துக்குக் கீழே இருக்கிற ரீஃப்கராஜில் அவரோடு காரால் இறங்கினேன். கதவைத் திறந்ததும் பெற்றோல் மணத்தது. லேசாகத்தான். முன்பக்கத்திலிருந்து வந்தது.

"மணக்குது" என்றேன்.

அவர் மூக்கை உயர்த்தி ஒரு இழுப்பு இழுத்தார். "எனக்கு மணக்கேல்லை. ரீஃப்கராஜ் எண்டால் கார் மணம் இருக்கும்தானே."

இங்கே அவருடைய மூக்கைப் பற்றிச் சொல்லவேண்டும். கொரோனா காலத்தில் அவர் வேலை செய்கிற களஞ்சியத்தில் பலருக்கு வந்து, அவருக்கும் வந்தது. மணம், ருசி எல்லாம் போய்விட்டது. கொஞ்சக் காலத்தில் திரும்பிவிட்டது என்று சொன்னார். நான் நம்பினேன். ஆனால் அதற்குப் பிறகு நான் எதைச் சமைத்தாலும் "நல்ல மணம்" என்பார். கருவாடு பொரித்தாலும் நல்ல மணம், பால் அடிப்பிடித்தாலும் நல்ல மணம். கல்யாணம் செய்து இத்தனை வருடத்தில் வராத பாராட்டு எங்கிருந்து வருகிறது என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. கேட்டால் சினப்பார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், வேலை இடத்தில் தெரிந்தால் பிரச்சினை வருமோ என்று பயந்தாரோ, அல்லது உடம்பில் ஒரு குறை என்று ஒத்துக்கொள்ளப் பிடிக்கவில்லையோ, தெரியவில்லை. நானும் கிண்டாமல் விட்டிருந்தேன்.

ஆகவே மணம் விஷயத்தில் அவருடைய சாட்சி எனக்குச் செல்லாது. என்னுடைய சாட்சி அவருக்குச் செல்லாது, ஏனென்றால் எனக்கு எல்லாத்துக்கும் பயம். மகளைக் கூட்டிவந்து மணக்கச் சொன்னேன். அவளுக்கு அன்று தடிமன், மூக்கடைப்பு. "அம்மா, எனக்கு உங்கட சாம்பிராணிகூட மணக்கேல்லை" என்றாள்.

ரீடரைச் செருகினேன். பச்சை. திரும்பவும் செருகினேன். பச்சை. மூன்றாம் தரம் அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் அதைக் கழற்றிவிட்டேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது. எரிந்து முடிந்த புகையில் கணக்குப் பிழைத்தால்தான் இந்தக் காருக்குத் தெரியும். எரியாமல் வெளியே சொட்டுகிற பெற்றோலை அது அறியாது. இந்த வயதுக் காரில் அதற்கு ஒரு உணர்கருவியும் இல்லை, ஒரு லைற்றும் இல்லை. கசிவுக்குக் கோட் கிடையாது.

முன்சில்லுகளுக்கு நடுவில், எஞ்சினுக்குக் கீழே கடதாசிப் பெட்டி ஒன்றை விரித்து வைத்தேன். மறுநாள் விடியப் போய்ப் பார்த்தேன். காய்ந்துபோய்க் கிடந்தது. ஒரு சொட்டுக்கூட இல்லை. எனக்கு நிம்மதி வந்திருக்கவேண்டும். வரவில்லை. இப்போது யோசித்தால் காரணம் லேசானது. எஞ்சின் ஓடும்போதுதான் பம்ப் பெற்றோலைத் தள்ளும், அப்போதுதான் வெடிப்பு வாயைத் திறக்கும். நிறுத்தினால் அதுவும் மூடிக்கொள்ளும். அன்றைக்கு அது எனக்குத் தோன்றவில்லை. காய்ந்த கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு, எனக்குத்தான் தலைக்குள் ஏதோ கழன்றுவிட்டது என்று நின்றேன்.

ஆனால் மூக்கு விடவில்லை. வேலையில் ஒரு அறைக்கதவைத் திறந்ததும் அங்கே படுத்திருக்கிறவருக்குக் காய்ச்சலா, புண் பழுதாகிறதா என்று என் மூக்கு சொல்லிவிடும். எத்தனையோ வருடப் பழக்கம். அந்த மூக்கு பெற்றோல் மணக்கிறது என்று சொல்கிறது, மற்ற எல்லாமும் இல்லை என்கிறது. மகள் அந்தக் காருக்குள் இருந்து சுரங்கத்துக்குள் போவதைக் கண் மூடினாலும் திறந்தாலும் பார்த்தேன். வேலையில் ஒரு ஆச்சிக்குச் சூப் பருக்கும்போது கரண்டியைச் சரித்துவிட்டேன், அந்த மனுசி என் கையைப் பிடித்துத் தடவிக் கொடுத்தார்.

ஷ்லீரனில் கார் திருத்துகிற ஒரு கராஜுக்குப் போன் அடித்தேன். அடுத்த கிழமைதான் நேரம் தந்தார்கள். சரி என்றேன். ஆனால் அதற்கு முதல் வெள்ளிக்கிழமை கோயிலில் காருக்குப் பூசை என்று அவர் ஏற்கெனவே ஐயரிடம் சொல்லி வைத்துவிட்டார். காருக்கு ஆரோ கண் வைத்து நாவூறு பட்டுவிட்டதாம், அதனால்தான் முல்ஹவுஸிலிருந்து வரும்போது அப்படி ஆனதாம். எத்தனோலைக் கண்டுபிடித்த பிறகும் நாவூறு நாவூறுதான்.

"கராஜுக்குக் காட்டிப்போட்டுப் பூசை செய்வம்" என்றேன்.

"நல்ல நாளை விடேலாது. பிள்ளை வேலைக்குப் போகப் போறாள்."

நான் ஒரு தந்திரம் செய்தேன். மகளை ஷொப்பிங் என்று சூரிச்சுக்கு அனுப்பி, அங்கிருந்து ரயிலில் கோயிலுக்கு வரச் சொன்னேன். காரில் நானும் அவரும் மட்டும் போனோம். குளிரில் கண்ணாடிகளை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு, சேலையால் தலையை மூடிக்கொண்டு இருந்தேன். வழியில் மணத்தது, மணக்கவில்லை, திரும்ப மணத்தது. எரிந்தால் எந்தப் பக்கம் குதிக்கவேண்டும் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். அவர் தேவாரம் போட்டுக் கேட்டுக்கொண்டு வந்தார்.

எங்கள் கோயில் ஒரு தொழிற்பேட்டையில், முன்பு களஞ்சியமாக இருந்த கட்டடத்தில் இருக்கிறது. வெளியே தார் போட்ட முற்றம். பூசை அங்கேதான். மகள் வந்து சேர்ந்தாள். ஐயர் காருக்கு மாலை போட்டு, முன்மூடியில் விபூதி பூசிக் குங்குமம் வைத்தார். நான்கு ரயருக்கும் கீழே தேசிக்காய் வைத்தார்கள். ஒரு நீத்துப்பூசணிக்காயின் தலையை வெட்டிக் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தி, ஐயர் காரை மூன்று முறை சுற்றினார். வழக்கமாக அதைத் தள்ளிக் கொண்டுபோய் உடைக்கவேண்டும். அன்று பின்னால் இன்னொரு கார் காத்துக்கொண்டிருந்தது, மழையும் தூறத் தொடங்கியது. அவர் பூசணிக்காயை எரிய எரிய முன்சில்லுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தார்.

"பிள்ளை, ஏறி ஸ்டார்ட் பண்ணுங்கோ. நான் சொன்னதும் தேசிக்காயில ஏத்துங்கோ."

மகள் சிரித்துக்கொண்டு ஏறினாள். தகப்பன் போனைத் தூக்கிப் படம் எடுத்தார். எஞ்சின் உறுமியது.

கற்பூர மணத்தையும் சாம்பிராணியையும் மல்லிகையையும் தாண்டி அது வந்தது. இந்த முறை லேசாக இல்லை. முகத்தில் அறைந்த மாதிரி வந்தது. குனிந்து பார்த்தேன். எஞ்சினுக்குக் கீழே தார்த் தரையில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு ஒன்று. பூசணிக்காயின்மேல் கற்பூரம் ஒரு சாண் உயரத்துக்கு எரிந்துகொண்டிருந்தது.

என் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை நானே அதற்கு முன் கேட்டதில்லை.

"நிப்பாட்டு! இறங்கடி! இறங்கி ஓடு!"

கற்பூரத்தை ஊதி அணைக்கலாம் என்று நினைத்தேன். அந்த நேரத்திலும், சொன்னால் நம்பமாட்டீர்கள், பிள்ளையின் பூசையில் கற்பூரத்தை அணைக்கக்கூடாது என்று கை தயங்கியது. அதற்குப் பிறகு யோசிக்கவில்லை. எரிகிற பூசணிக்காயை இரண்டு கையாலும் அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினேன். காஞ்சிபுரம் சேலை, காலில் செருப்பில்லை. நெருப்பு முகத்துக்கு நேரே ஆடியது. முற்றத்தின் அந்தக் கரையில் இருந்த மதிலடி வரைக்கும் ஓடிப் போய் அங்கே போட்டு உடைத்தேன். அது சிதறி, கற்பூரம் மழைத் தண்ணீரில் சீறி, அணைந்தது. எப்படியும் உடைக்கிற பூசணிக்காய்தானே என்று பிறகு என்னைக் கேலி செய்தவர்களுக்குப் பதில் சொன்னேன். அப்போதோ மதிலைப் பிடித்துக்கொண்டு திரும்பி, மகள் எங்கே என்று பார்த்தேன்.

அவள் காரை விட்டு இறங்கி, ஐயருக்குப் பின்னால் நின்றாள். எஞ்சின் நின்றிருந்தது. நான் ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மற்றக் காருக்குக் காத்திருந்த சனம், பூசையைக் கெடுத்த விசரியைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தது. என் கணவர் முகம் சிவந்துபோய் நின்றார். சபையில் மானத்தை வாங்கிவிட்டாள் என்கிற கோபம். அவர் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மகள் காட்டிய இடத்தைப் பார்த்தார்.

வேட்டியோடு முழங்காலில் இருந்து காருக்கு அடியில் பார்த்தார். தரையில் நனைந்திருந்த இடத்தில் விரலை வைத்தார். அதை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். ஒரு இழுப்பு. இன்னொரு இழுப்பு. கையைத் தேய்த்துவிட்டுத் திரும்பவும் தொட்டு, மூக்கின்மேலேயே வைத்து இழுத்தார். மழைத் தண்ணீரா பெற்றோலா என்று அவருக்குத் தெரியவில்லை. எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவருக்குத் தெரியவில்லை.

எழுந்து என்னிடம் வந்தார். குந்தியிருந்து அந்த விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"மணக்குதோ?" என்றார், மிக மெதுவாக.

தலையை ஆட்டினேன். பெற்றோல் கண்ணைக் கரித்தது.

"எனக்கு ஒண்டும் மணக்கேல்லையப்பா" என்றார். "அண்டைக்குப் போனது போனதுதான். திரும்பி வரவேயில்லை."

அத்தனை வருடமும் நான் சமைத்ததை நல்ல மணம் என்று சொல்லிக்கொண்டு அவர் பஞ்சு தின்கிற மாதிரித் தின்றிருக்கிறார். அதை நினைத்து அழுவதா, இவ்வளவு நாளும் பிள்ளையை இந்த மூக்கை நம்பி ஏற்ற இருந்தாரே என்று திட்டுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பக்கத்தில் ஈரத்தில் இருந்தார். ஐயர் மகளுக்கு மட்டும் விபூதி பூசி அனுப்பிவைத்தார்.

காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். எஞ்சினுக்கு அருகில் பெற்றோல் வருகிற குழாய் நீளப்பாட்டில் வெடித்திருந்தது. கராஜ்காரர் அதை அறுத்தெடுத்து என்னிடம் காட்டினார். ஒரு பக்கம் பஞ்சுபோல ஊதி, மறுபக்கம் தோல்போலக் காய்ந்திருந்தது. அந்தக் குழாயை மட்டுமல்ல, எல்லா ரப்பர் குழாய்களையும் மாற்றச் சொன்னேன். முல்ஹவுஸில் அண்ணைக்கு இன்றுவரை ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை போகும்போது டாங்கை நிரப்பிக்கொண்டே போவோம், இனி ஒரு சொட்டும் கொள்ளாது என்று சொல்லலாம்.

மகள் முதல் நாள் வேலைக்குப் புறப்பட்ட காலை, நாங்கள் இரண்டு பேரும் ரீஃப்கராஜுக்கு இறங்கினோம். ரீடர் அப்போது எங்களிடம் இல்லை, கிடாரங்களோடு வேறு வீட்டுக்குப் போய்விட்டது. மகள் ஏறி எஞ்சினைப் போட்டாள். லைற்றுகள் எல்லாம் எரிந்து, எல்லாம் அணைந்தன. சரியான கார் அப்படித்தான் செய்யும். நேரமாகிறது என்று அவள் ஹோர்ன் அடித்தாள்.

என் கணவர் காருக்கு முன்னால் போய் வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

"அவசரப்படாதை" என்றார் அவளிடம். பிறகு என்னைப் பார்த்தார். "நீர் ஒருக்கா மணந்து பாரும். நீர் சொன்னால்தான் விடுவன்."

நான் குனிந்தேன். முன்சில்லுக்குப் பக்கத்தில், பின்சில்லுக்குப் பக்கத்தில், முன்மூடியின் விளிம்போடு மூக்கை வைத்து ஒவ்வொரு இடமாக மணந்தேன். புது ரப்பர், ஒயில், தூசு, கண்ணாடிக்குள்ளால் வருகிற பிள்ளையின் வாசனைப் பூச்சு. வேறொன்றும் இல்லை. வேறொன்றும் இல்லை என்று எனக்கே நம்பிக்கை வருகிற வரைக்கும் இன்னொரு சுற்று வந்தேன். அவர் அசையாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிள்ளை இன்னொரு தரம் ஹோர்ன் அடித்தும் விலகவில்லை. எனக்கு எல்லாத்துக்கும் பயம் என்று சொல்லிக்கொண்டிருந்த அதே மனிதன்.

"விடுங்கோ" என்றேன்.

அவர் விலகினார்.